கூரை வெட்டிய ஃபோர்டு

ஒரு காரின் பின்விளக்கை மட்டும் காட்டினால் போதும். அது பிறந்த வருடம், பிறந்த நாடு, அதனுடன் பிறந்த மற்ற உருப்படிகள் எல்லாவற்றையும் வாலண்டைன் சொல்லிவிடுவார். மலேசியாவின் குளுவாங்கில் தலை நரைக்கும்வரை பழைய கார் தரகு பார்த்த கண் அது. விற்க வந்தவனிடம் அவன் கார் எவ்வளவு மோசம் என்றும், வாங்க வந்தவனிடம் அதே கார் எவ்வளவு உசத்தி என்றும், ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார். இரண்டு பேருமே அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

தரகை நிறுத்திய பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. ‘பழைய இரும்பு’ என்று ஒரு வாட்சாப் குழு இருந்தது. வேலை ஓய்ந்தும் வாய் ஓயாத ஜொகூர்க்காரர்கள் அதில் கூடியிருந்தார்கள். வெள்ளைக்காரன் எடுத்த செய்திப்படம், யாரோ ஒரு கப்பல்காரன் எடுத்த ஊர்சுற்றிப் படம், பழைய தேர்தல் ஊர்வலம் என்று எங்கிருந்தாவது ஒரு தெருக்காட்சியைப் பிடித்து வந்து போடுவார்கள். தெருவில் போகும் கார்களுக்கு மற்றவர்கள் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது. தப்பாகச் சொன்னவனுக்கு ஒரு வாரம் தூக்கம் கிடைக்காது.

“அது ஹில்மன்.”

“ஹில்மனாம். கண்ணாடிய மாத்துலா. முன்னாடி மூக்கப் பாரு, சிங்கர். ஹில்மனுக்குப் பவுடர் பூசி வித்தது.”

இப்படித்தான் பேச்சு ஓடும். கூலாயில் டயர்க்கடை வைத்திருக்கும் மதிவாணன்தான் குழுவின் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாக எழுதுவார், அவ்வளவுதான். குழுவின் முக்கியமான சட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். பழைய தெருப்படங்களில் பெரிய தொல்லை மனிதர்கள். நல்ல கார் ஒன்று வந்து நிற்கும். பார்த்தால் அதன் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு கூடைக்காரி நிற்பாள். சைக்கிள்காரன் ஒருவன் கதவை மறைப்பான். பள்ளிப் பிள்ளைகள் கோடு கட்டி நடந்து மொத்தக் காரையும் விழுங்கிவிடுவார்கள். இப்படி மறைக்கிறவர்களுக்கு மதிவாணன் கொசு என்று பெயர் வைத்தார். கொசு அடித்துவிட்டுத்தான் படத்தைக் குழுவில் போட வேண்டும். அதாவது, ஆட்கள் குறுக்கே வருகிற இடத்தை வெட்டிவிட்டு, காரை மட்டும் நெருக்கிப் பிடித்துப் போட வேண்டும். கொசுவோடு போட்டவனை மதிவாணன் வறுத்து எடுத்துவிடுவார்.

இவ்வளவு மரியாதை உள்ள குழுவில் வாலண்டைனுக்கு ஒரே ஒரு அவமானம் இருந்தது. அது ஒரு ஃபோர்டு.

அறுபதுகளின் கடைசியில், சிகாமட் கடைத்தெருவில், கூரையை வெட்டி எறிந்த ஒரு ஃபோர்டு பிரிஃபெக்ட் ஓடியது என்று அவர் சொல்வார். ரப்பர் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவரின் மகன், இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவன், பழைய காரை வெட்டிப் பந்தயக் காராக்குகிற அமெரிக்க ஹாட் ராட் படங்களைப் பார்த்து அதைச் செய்தானாம். எஞ்சின் பெட்டியின் பக்கத் தகடுகளைக் கழற்றி, பெரிய எஞ்சினைத் திணித்து, புகைக்குழாயை வெளியே எடுத்து, கதவின் அடியில் நீளமாக ஓடவிட்டானாம். மொத்தத்துக்கும் மஞ்சள் சாயம். “நான் தொட்டிருக்கேன்யா. அஞ்சாறு வயசு. அந்தக் கொழாய்ல கைய வச்சு வெந்து போச்சு, இதோ பாரு தழும்பு” என்று உள்ளங்கையைப் படமெடுத்தும் போட்டார்.

“சோத்துச் சட்டியில சுட்டதுக்குக்கூட இதே தழும்புதான் வரும்” என்று மதிவாணன் எழுதினார். அன்றிலிருந்து குழுவில் யாராவது இல்லாத ஒன்றைச் சொன்னால் அதற்குப் பெயர் ‘வாலண்டைன் காடி’. அங்கே காருக்குக் காடி என்றுதான் பேச்சு. வராத பென்ஷன் வாலண்டைன் காடி. மருமகன் வாங்கித் தருவதாகச் சொன்ன வீடும் வாலண்டைன் காடி.

அவருக்கு அது உள்ளே குத்தியது. பொய் சொல்லி விற்ற கார்களுக்கெல்லாம் ஊர் அவரை நம்பியது. வாழ்க்கையில் உண்மையாகச் சொன்ன ஒரு காருக்குச் சிரித்தது.

அந்தத் தழும்புக் கதையில் இன்னும் இரண்டு பேர் உண்டு. கை வெந்து கத்திய பையனைக் காதைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனது அவர் அம்மா சவுரியம்மாள். அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தது தங்கை டொரத்தி. அந்த வருடம் முடிவதற்குள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கடுத்த வெள்ளத்தில் சிகாமட் ஆறு வீட்டுக்குள் வந்து, கல்யாணப் படம் இருந்த தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்மாவுக்கு வேறு படம் இல்லை.

டொரத்தி இன்னும் சிகாமட்டில்தான் இருக்கிறாள். புருஷன் இல்லை, மகள் சிங்கப்பூரில். அவளும் தன் பங்குக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பழைய கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, கும்பலின் ஓரத்தில், பந்தியின் மூலையில், கோயில் வாசல்படியில் அம்மா நிற்கிறாளா என்று பார்ப்பாள். அண்ணன் தேடலைவிட இது மோசமான தேடல். அண்ணனுக்காவது தான் தேடுவது மஞ்சள் நிறம் என்று தெரியும். இவளுக்குத் தேடுகிற முகமே தெரியாது. அப்பாவும் அத்தைகளும் போனபின், இதுதான் அம்மா என்று விரல் வைத்துக் காட்ட அண்ணன் ஒருவர்தான் மிச்சம்.

“அம்மா எப்படிண்ணே இருப்பாங்க?” என்று கேட்கும்போதெல்லாம் வாலண்டைன் தயங்காமல் சொல்வார். நல்ல களை, நீண்ட மூக்கு, சிரித்தால் கன்னத்தில் குழி. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் சொல்லிக் காட்டினாள்: “போன தடவ குழி இல்லண்ணே. இந்தத் தடவ புதுசா மாட்டியிருக்க.”

“வயசாச்சுல்லமா. இருந்தத மறந்திருப்பேன்.”

“சரி. நீதான் எந்நேரமும் பழைய தெருவப் பாத்துக்கிட்டு இருக்கியே. அம்மா சிகாமட் கடைத்தெருவுலதான காய் வாங்குனாங்க. எங்கயாச்சும் நடந்து போறாங்களான்னு கொஞ்சம் பாரேன். நான் கேக்குறது அது ஒண்ணுதான்.”

“பாக்குறேன்மா” என்றார் வாலண்டைன். தரகு வாயில் அந்தச் சொல் எளிதாக வரும்.

இந்த வருடம் சிகாமட்டில் ஒரு பழைய போட்டோக்கடையை மூடினார்கள். கடைக்காரர் செத்து, மகன் லிம் சாமான்களை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சொந்த ஆசைக்குத் தெருவைச் சின்ன சினிமா கேமராவில் எடுத்து வைத்திருந்தார் என்று காதில் விழுந்ததும் வாலண்டைன் குளுவாங்கிலிருந்து பறந்தார். பிஸ்கட் டின் ஒன்றில் சுருள்கள் இருந்தன. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற வினிகர் நெடி, கெட்டுப்போகிற ஃபிலிமின் நெடி.

நெடி அடித்ததில் வாலண்டைனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். குறை உள்ள சரக்குதான் பேரத்துக்குத் தோது.

“அலமாக்! செத்துப் போச்சு தவுக்கே இது. பிணத்துக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?”

“பிணம்னா நீ ஏன் குளுவாங்ல இருந்து வந்த?” என்றார் லிம். தமிழர்களோடு வளர்ந்த சீனர். தமிழில் பேரம் பேசத் தெரிந்தவர்.

“உங்க அப்பா மேல இருக்குற மரியாதைக்கு வந்தேன்.”

“எங்க அப்பா பேரு என்ன?”

வாலண்டைன் கொஞ்சமும் அசையவில்லை. “பேரு சொல்லிக் கூப்பிடுற மாதிரியா மரியாதை வச்சிருந்தோம்?”

லிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் விலையில் தோற்றவன். ஒரு டஜன் பழைய போட்டோச் சட்டங்களை வாங்கி, சுருள் டின்னைச் சும்மா மேலே போடவைத்து வாலண்டைன் வெளியே வந்தார். காரில் ஏறியதும் நெடி தாங்காமல் நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினார்.

சுருளைப் போனில் பார்க்கிற படமாக மாற்ற ஜொகூர் பாருவில் வசந்தன் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். ஒரு காலத்தில் தமிழர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தவர். இப்போது மற்றவர்களின் பழைய நாடாக்களையும் சுருள்களையும் மாற்றிக் கொடுக்கிறார். நிமிடக் கணக்கில் கூலி. கணக்கைக் கேட்டதும் வாலண்டைனுக்கு வழக்கமான மூளை விழித்துக்கொண்டது.

“முழுசும் எதுக்கு தம்பி? காடி வர்ற எடம் மட்டும் போதும். மத்தத வெட்டிரு.”

“அண்ணே, பழைய ஃபிலிம். மெஷின்ல ஒரு தடவதான் ஓட்ட முடியும், ஒடஞ்சிரும். முழுசா எடுத்து வச்சுக்குங்க. பின்னாடி வேணும்னா கெடைக்காது.”

“ஜனங்க நடக்குறத நான் எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்? வாசல்ல நின்னா சும்மாவே பாக்கலாம்.”

வசந்தன் கையால் சுற்றுகிற பார்வைப்பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு திரை. அவர் மெதுவாகச் சுற்ற, வாலண்டைன் மூக்கு கண்ணாடியில் இடிக்கக் குனிந்துகொண்டார். சிகாமட் கடைத்தெரு நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. கடைப் பலகை, வேட்டிக்காரர்கள், கோழிக்கூடை. “வெட்டு.” ஆஸ்டின் ஒன்று. “இது இருக்கட்டும்.” ஐஸ் வண்டிக்காரர், குடை, குழந்தைகள். “கொசு. வெட்டு, வெட்டு.”

அப்புறம் ஒரு மூலையிலிருந்து மஞ்சளாக அது வந்தது.

கூரை இல்லை. பக்கத் தகடு இல்லை. கதவடியில் நீளமாகக் குழாய். அவர் சொன்னது ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே வந்து தெருவோரம் நின்றது. வசந்தன் சுற்றிக்கொண்டே ஏதோ கேட்டார். இந்த இடத்தை விட்டுவிடலாமா, நன்றாக இருக்கிறதே என்கிற மாதிரி என்னவோ. வாலண்டைன் முன்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிரிஃபெக்டின் விளக்கு இல்லை, வேறு காரிலிருந்து எடுத்து மாட்டியது.

“மறைக்குதா?”

“முன்னாடிதான் நிக்குறாங்க. ஆனா…”

“அப்ப வெட்டு. காடிய மட்டும் நெருக்கிப் பிடி. கொழாய், சக்கரம், நம்பர் பிளேட்டு. மேல வானத்த எல்லாம் எடுக்காத, கூரையே இல்லாத காடிக்கு மேல என்ன இருக்கு?”

வசந்தன் கூலி கொடுக்கிறவர் சொன்னபடி செய்தார். முடிந்தபின், “சுருள எடுத்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். வந்த வழியெல்லாம் காரில் அடித்த நெடி வாலண்டைனுக்கு நினைவு வந்தது. சீட்டுக்குப் புதுத் துணி மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“குப்பையில போடு தம்பி. வேலதான் முடிஞ்சுதே.”

அன்று மாலை ‘பழைய இரும்பு’ குழுவில் குண்டு விழுந்த மாதிரி இருந்தது. பாதி நிமிடம்கூட இல்லாத படம். யாரும் ஹில்மன், சிங்கர் என்று வாயைத் திறக்கவில்லை. லெட்சுமணன் என்கிற ஓய்வுபெற்ற லாரி டிரைவர் கும்பிடுகிற கையாகப் பத்து அனுப்பினார். கடைசியில் மதிவாணன் எழுதினார்: “ஒத்துக்கறேன். காடி இருந்திருக்கு. ஆனா தலைவா, கொசு ஒண்ணு மிச்சம் இருக்கே. கொழாய்ல கைய வைக்கிறான் பாருங்க ஒரு பொடியன்.”

வாலண்டைன் படத்தை மறுபடி ஓட்டினார். உண்மைதான். சக்கரத்துக்குப் பக்கத்தில், அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன் குழாயைத் தொட்டு, தீயை மிதித்தவன் மாதிரி துள்ளுகிறான். வாயைப் பெரிதாகத் திறக்கிறான்.

“அது நான்தான்யா!” என்று அவர் குழுவுக்குக் குரலிலேயே கத்தி அனுப்பினார். “நான்! என் கை! சோத்துச் சட்டியாம்ல சோத்துச் சட்டி!”

இவ்வளவு பெரிய வெற்றியைப் போனுக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா? மறுநாள் காலையே சிகாமட்டுக்குப் போய், டொரத்தி வீட்டு வாசலிலிருந்தே கூவினார். “டொரத்தி! கெடைச்சிருச்சு! ஃபோர்டு! நானும் இருக்கேன் உள்ள!”

டொரத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினாள். வாலண்டைன் பக்கத்தில் நின்று விரலால் காட்டிக்காட்டி விளக்கினார். இது வேறு எஞ்சின், இது வேறு விளக்கு, இந்தச் சக்கரத்தைப் பார், எவ்வளவு அகலம்.

படம் முடிந்தது. அவள் மறுபடி ஓட்டினாள். பிறகு மறுபடி. நான்காவது தடவை ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“அண்ணே, உன் காதப் பிடிச்சு இழுக்கிறது யாரு?”

வாலண்டைன் குனிந்து பார்த்தார். பையன் துள்ளிய உடனே ஓரத்திலிருந்து ஒரு கை வந்து அவன் காதைப் பிடிக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட கை. கைக்குப் பின்னால் புடவையின் மடிப்பு, இடுப்பு, இடுப்பில் ஒரு குழந்தையின் தொங்கும் கால். அதற்கு மேலே கழுத்துவரை. அதோடு படத்தின் விளிம்பு.

“அது…” என்றார் வாலண்டைன்.

“நீதான சொல்லுவ. அம்மா காதப் பிடிச்சு இழுத்தாங்க, நான் இடுப்புல இருந்தேன்னு. ஆயிரம் தடவ சொல்லியிருக்க.”

ஆயிரம் தடவை சொன்னதுதான். நேற்றிலிருந்து ஐம்பது தடவையாவது படத்தையும் பார்த்திருப்பார். காரையும் பையனையும் கண்டுபிடித்த கண், பையனுக்குப் பக்கத்தில் நின்ற புடவையை ஒரு கம்பம் மாதிரி தாண்டிப் போயிருக்கிறது.

டொரத்தி விரலைத் திரையில் வைத்து, படத்தைக் கீழே இழுத்தாள். கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி, மேலே இருப்பது கீழே வந்துவிடும் என்கிற மாதிரி. படம் கொஞ்சம் இறங்கியது. மேலே கறுப்பாகத் தெரிந்தது. விரலை எடுத்ததும் பழையபடி ஏறிக்கொண்டது. அவள் மறுபடி இழுத்தாள்.

“மேல வரலண்ணே.”

“அது… நெருக்கிப் பிடிச்சதுமா. காடி உயரத்துக்கு.”

“காடி இவ்வளவுதான் உயரமா?”

“கூரைய வெட்டிட்டான்ல.”

சொன்னபின்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. ஒழுங்கான கூரையோடு ஒரு சாதாரண ஃபோர்டு அங்கே நின்றிருந்தால் படம் ஒரு சாண் மேலே ஏறியிருக்கும்.

“முழுப் படம் எங்க?” என்றாள் டொரத்தி. “எங்கண்ணே?”

அவர் வசந்தனுக்குப் போன் போட்டார். அவள் அதைப் பிடுங்கி, இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

“தம்பி, நேத்து வெட்டுனதெல்லாம் இருக்கா?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார் வாலண்டைன்.

“இல்லியேண்ணே. நாத்தம் தாங்கல, காலையிலயே குப்பை லாரியில போட்டாச்சு. நீங்கதான சொன்னீங்க?”

“எல்லாமா?”

“எல்லாந்தான். ஏண்ணே, அந்த அம்மாவக் கேக்குறீங்களா? கைப்பிள்ளையோட வந்தாங்களே. நான் கேட்டேன்ல உங்கள, கேமராவப் பாத்து அழகா சிரிக்கிறாங்க, இத விட்டுருவோமான்னு? ரொம்ப நேரம் நின்னாங்க. நீங்கதான் மறைக்குதுன்னா வெட்டுன்னீங்க.”

டொரத்தி போனை மேசைமேல் வைத்தாள். வசந்தன் இன்னும் ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீ பாத்த” என்றாள். கத்தவில்லை. “உன் மூக்குக்கு முன்னாடி சிரிச்சாங்க. நீ பாத்த.”

“சின்னத் திரைமா, இத்தனூண்டு…”

“வெளக்கு வேற காடியோடதுன்னு தெரிஞ்சுதுல்ல அந்தத் திரையில?”

தரகு வாய்க்குப் பழக்கம் விடவில்லை. “இரும்மா, இப்ப ஞாபகம் வருது. பாத்தேன். நல்ல களையா, மூக்கு நீளமா…”

“வேண்டாம்ணே,” என்றாள் டொரத்தி. “எனக்கும் வித்துராத.”

எழுந்து செருப்பைத் தேடினாள். “அந்தத் தம்பி கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.”

ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் கூலாய் தாண்டும்போது வாலண்டைன் ரேடியோவைப் போட்டார், அவள் அணைத்தாள்.

வசந்தன் விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அம்மாவாக்கா அது? ஐயோ, தெரிஞ்சிருந்தா என் காசுல எடுத்து வச்சிருப்பேனே.”

“நீங்க அவங்க முகத்தப் பாத்தீங்கல்ல தம்பி?”

“பாத்தேன்க்கா. கல்யாண வீடியோ எடுத்த ஆளு, எனக்கு மொத மொகந்தான் கண்ணுல படும். ஒரு சித்தப்பன் மொகத்த விட்டாக்கூடச் சண்டைக்கு வந்துருவாங்க.”

டொரத்தி அவருக்கு எதிரே போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.

“என்னைப் பாருங்க. எங்க அம்மா என்னை மாதிரி இருந்தாங்களா? எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அதுக்கு எனக்கு ஆள் இருக்கு.”

வசந்தன் அவசரப்படவில்லை. நன்றாகப் பார்த்தார். “நெத்தி இதேதான்க்கா. காது… ஆமா, காதும். மத்தது சொல்ல முடியல. அவங்க சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் சிரிங்களேன்.”

டொரத்தி உதட்டை விரித்துப் பார்த்தாள். அது சிரிப்பாகவில்லை.

“இவரு பக்கத்துல நிக்கிறப்ப வராது தம்பி,” என்றாள்.

வாலண்டைன் வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய முதுகு தெரிந்தது. வசந்தன் முகமும் தெரிந்தது. அது கூர்ந்து பார்த்தது, பிறகு மலர்ந்தது, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னது. டொரத்தியின் தோள்கள் குலுங்கின. அழுகைக்கும் தோள் அப்படித்தான் குலுங்கும். அந்த நேரம் பார்த்து வாலண்டைனுக்கு ஒன்று உறைத்தது: அவருக்கும் அம்மாவின் முகம் தெரியாது. எப்போது மறந்தது என்றுகூடத் தெரியாது. இத்தனை வருடம் சரக்கு இல்லாமலே கடை நடத்தியிருக்கிறார்.

அவள் வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னான்?”

“சொன்னாரு.”

“குழி இருக்குதாமா? கன்னத்துல?”

டொரத்தி காரின் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். “லார்க்கின்ல விடு. பஸ்ல போய்க்கறேன்.”

“எதுக்கு பஸ்ஸு? நான் கொண்டு போய் விடுறேன்லமா. டொரத்தி, என்ன சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லு.”

“உனக்கு எதுக்குண்ணே? மறைக்கும்.”

லார்க்கின் பஸ் நிலையத்து வாசலில் நிறுத்தினார். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். வாலண்டைன் இறங்கி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் எதிர்ச்சாரியில் ஒரு பழைய டட்சன் முக்கிக்கொண்டு போனது. பச்சை உடம்பு, இடது கதவு மட்டும் வேறு பச்சை, முன்விளக்கின் வளையம் ஒன்று இல்லை. அது திரும்புகிற வரைக்கும் அவர் கழுத்தும் கூடவே திரும்பியது. மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது வாசலில் கூட்டம்தான் இருந்தது. பின்சீட்டில் டொரத்தியின் போன் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். டிக்கெட் முகப்புகளுக்கு முன்னால் நூறு பேர். பைகள், குழந்தைகள், தொப்பிகள், முக்காடுகள். ஒரு தூணைச் சுற்றி வந்தார். பஸ் ஏறும் படிக்கட்டில் இறங்கி ஏறினார். சிகாமட் பலகை போட்ட முகப்பில் ஒரு தமிழ்ப் பையன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இப்ப ஒரு அம்மா வந்தாங்களா? சிகாமட்டுக்கு?”

“நெறைய பேரு வந்தாங்க அங்கிள். என்ன போட்டிருந்தாங்க? சேலையா, பாஜுவா?”

வாலண்டைன் வாயைத் திறந்தார். காலையில் அவள் வீட்டில் பக்கத்தில் நின்றார். இரண்டு மணி நேரம் காரில் ஒரே கூரைக்கடியில் வந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கலராச்சும் சொல்லுங்க அங்கிள். பின்னாடி ஆளு நிக்குது.”

“என்னைய மாதிரியே இருப்பா,” என்றார் வாலண்டைன். “என் தங்கச்சி.”

பையன் டிக்கெட் கட்டைக் கீழே வைத்தான். அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான்.

“அப்படி யாரையும் பாக்கலியே அங்கிள்,” என்றான். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”